முதலில் வேலையைப் பேசுங்கள்

பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கண்ணகி நகரிலும் இருந்து வீட்டு வேலை தேடிப் புறப்படும் தங்கைகளுக்கு,

சென்னை ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டால் அந்தச் செய்தி முதலில் செக்யூரிட்டிக்குப் போகிறது. அவர் அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஓர் அக்காவிடம் சொல்லி வைக்கிறார். அக்கா உங்களிடம் வந்து, “சி பிளாக்ல ஒரு வீடு இருக்கு, நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பேசச் சொன்னாங்க” என்கிறார். அந்தப் பேச்சு பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடம்தான். அடுத்த ஒன்றிரண்டு வருடம் உங்கள் காலை நேரம் எப்படிக் கழியும் என்பது அதற்குள் முடிவாகிவிடுகிறது. அதற்கு எப்படித் தயாராவது என்று எங்கள் வீட்டுத் தொழிலாளர் சங்கத்துக்கு வருகிற பெண்கள் கேட்கும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில் போய் நிற்கிறது: “எவ்வளவு கேக்கலாம்கா?”

பல வருடம் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, இப்போது உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். சம்பளத்தைக் கடைசியில் பேசுங்கள். முதலில் வேலையைப் பேசுங்கள். என்னென்ன வேலை, எத்தனை பேருக்கு, எந்த நேரத்தில், எது இதில் சேராது என்பதையெல்லாம் நீங்களும் வாய்விட்டுச் சொல்லி, அவர்களையும் சொல்ல வைத்த பிறகு தொகைக்கு வாருங்கள்.

ஏன் என்றால், எங்களிடம் வரும் வழக்குகளில் பேசிய சம்பளத்தைக் கொடுக்கவில்லை என்று வருவது குறைவு. பேசாத வேலை கூடிக்கொண்டே போய் மனசு முறிந்து வருவதுதான் அதிகம். பாத்திரம், பெருக்கித் துடைப்பது என்று ஒத்துக்கொண்டு போவீர்கள். இரண்டாவது வாரம், “மெஷின்ல துணி கிடக்கு, அதை மட்டும் காயப் போட்டுடும்மா” என்பார்கள். அடுத்து வெங்காயம் உரிக்கச் சொல்வார்கள். பிறகு பால்கனிச் செடிக்குத் தண்ணீர், மாமியார் வந்திருக்கும் மாதத்தில் அவருக்குக் காபி, சனிக்கிழமை ஃப்ரிட்ஜ் துடைப்பது என்று ஒவ்வொன்றாகச் சேரும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஐந்து நிமிட வேலை. கேட்கிற அம்மாவும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, சின்ன உதவி என்றுதான் நினைக்கிறார். மூன்றாவது மாதம் நீங்கள் அடுத்த வீட்டுக்கு அரை மணி தாமதமாகப் போய் அங்கே திட்டு வாங்குகிறீர்கள். அந்த நேரத்தில் “இதெல்லாம் நாம பேசலையே மேடம்” என்று வாயைத் திறந்தால் சண்டை. முதல் நாளிலேயே கேட்டிருந்தால் அது வெறும் பேச்சுவார்த்தை.

உங்கள் அம்மாக்களுக்கு இந்தப் பாடம் தேவைப்படவில்லை. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்த காலத்தில் மயிலாப்பூர், தி.நகர், நுங்கம்பாக்கம் வீடுகளுக்கு நடந்தே போனார்கள். அம்மா போன வீட்டுக்கே மகளும் போனாள். அந்த வீட்டுப் பாட்டிக்கு இவள் பிறந்தது முதல் தெரியும். அப்புறம் ஆற்றங்கரைக் குடும்பங்களை இங்கே மாற்றினார்கள்: 2000-இல் கண்ணகி நகர் வந்தது, பிறகு செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் பல குடும்பங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பழைய வீடுகள் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயின. இன்று நீங்கள் கதவைத் தட்டுவது முன்பின் தெரியாத வீடு. அவர்களுக்கும் உங்களைத் தெரியாது. பழக்கத்தை நம்பி விட்டுவிட முடியாத இடத்தில் வாய்ப்பேச்சுதான் துணை.

முதல் நாள் இரவு செய்ய வேண்டியது அதிகமில்லை. உங்கள் நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். பிள்ளை எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போகிறது, வீட்டில் தண்ணீர் எப்போது வரும், பஸ் எப்போது என்று பார்த்து, “ஏழரையிலருந்து ஒன்பது வரைக்கும் என்னால முடியும்” என்று சொல்லும் அளவுக்குத் தெளிவாக இருங்கள். அவர்கள் “ஆறரைக்கு வரணும்” என்றதும் பயத்தில் சரி என்று தலையாட்டிவிட்டு, பத்தாவது நாள் தாமதமாகப் போவதில் யாருக்கும் லாபமில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஆனால் காத்திருக்கிற நேரம் உங்கள் நேரம்தான், அதையும் கணக்கில் சேருங்கள். உங்களால் எது முடியாது என்பதையும் இரவே முடிவு செய்து வையுங்கள். முட்டி வலி இருந்தால் உட்கார்ந்து துடைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். நாய் என்றால் பயம் என்பதும் தெரியும். அதை அங்கே போய் யோசிக்கக் கூடாது.

ஆதார் ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும். அதன் மேல் தேதியையும், இந்தக் குடியிருப்பில் வேலைக்காகக் கொடுத்தது என்பதையும் பேனாவால் எழுதிவிடுங்கள். கேட்டில் போட்டோ எடுப்பார்கள், செயலியில் பதிவார்கள், சில இடங்களில் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கும் விவரம் கேட்பார்கள். அதற்கெல்லாம் ஜெராக்ஸ் போதும். அசல் ஆதாரையோ ரேஷன் கார்டையோ யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் போனுக்கு வருகிற ஓ.டி.பி.யை வாங்கிக்கொள்ளவும் விடாதீர்கள். முதல் தடவை போகும்போது கூட ஒருத்தரை அழைத்துப் போங்கள். வீட்டில் பெண்கள் யாரும் இல்லை, ஆண் மட்டும்தான் இருக்கிறார் என்றால், “மேடம் இருக்கும்போது வர்றேன் சார்” என்று வாசலிலேயே சொல்லித் திரும்பிவிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

உள்ளே போனதும் ஹாலில் நின்றபடியே பேசி முடிக்கப் பார்ப்பார்கள். “வீட்டை ஒருதடவ பார்த்துக்கட்டுமா மேடம்?” என்று கேளுங்கள். இதை நான் எல்லாருக்கும் சொல்வேன், ஏனென்றால் அடுப்படி உண்மை பேசும். “நாங்க ரெண்டு பேரும் ஒரு குழந்தையும்தான், பாத்திரம் கொஞ்சம்தான் விழும்” என்பார்கள். சிங்க்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நீங்கள் வருகிறீர்கள் என்று கழுவி வைத்திருப்பார்கள். பாத்திரக் கூடையைப் பாருங்கள். டிபன் பாக்ஸ் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று பேரும் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற வீடு என்றால், ஒவ்வொரு பாக்ஸுக்கும் மூன்று கிண்ணம், மூன்று மூடி, அந்த மூடியில் ரப்பர் வளையம், அதன் இடுக்கில் காய்ந்த சாம்பார். ஒரு டிபன் பாக்ஸ் தேய்க்கிற நேரத்தில் நான்கு தட்டுத் தேய்த்துவிடலாம். மேடையில் கிரைண்டர் இருக்கிறதா, வாரம் எத்தனை முறை மாவு அரைக்கிறார்கள் என்று கேளுங்கள். ராத்திரிப் பாத்திரமும் காலைப் பாத்திரமும் சேர்ந்து வருமா என்று கேளுங்கள். கடாயைக் கையில் எடுத்துப் பாருங்கள், நான்ஸ்டிக் என்றால், “இதுக்குத் தனி ஸ்பாஞ்ச் வெச்சிருக்கீங்களா?” என்று விசாரியுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே நீங்கள் வேலை தெரிந்தவர் என்று எதிரில் நிற்பவருக்குப் புரிந்துவிடும். “பத்து வருஷ அனுபவம்” என்று சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

பிறகு அறைகள். மாப் இருக்கிறதா, உட்கார்ந்து துடைக்க வேண்டுமா? பால்கனி சேருமா? கட்டிலுக்கு அடியில் தினமும் பெருக்க வேண்டுமா, வாரம் ஒருமுறையா? பாத்ரூம் கழுவுவது இந்தப் பேச்சில் உண்டா? இருந்தால் எத்தனை பாத்ரூம், வாரம் எத்தனை நாள்? பாத்ரூமைக் கடைசி வரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நீங்களே எடுத்துக் கேளுங்கள். ஒட்டடை அடிப்பதும் மின்விசிறி துடைப்பதும் மாதம் ஒருநாள் என்றால் அந்த நாளைக்குத் தனித் தொகையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கேள்வி இருக்கிறது, கேட்க எல்லாருக்கும் கூச்சம். “எனக்கு பாத்ரூம் போகணும்னா எங்க மேடம் போறது?” காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மூன்று வீடு முடித்து, மதியம் ஒன்றரைக்குத் திரும்பும் வரை ஒதுங்க இடமில்லாமல், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வந்து தர்மாஸ்பத்திரி வரிசையில் நிற்கிற பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சில குடியிருப்புகளில் கீழே வேலையாட்களுக்கென்று ஒரு கழிவறை இருக்கும், பல இடங்களில் அதுவும் பூட்டித்தான் கிடக்கும். பாத்ரூமைக் கழுவ ஆள் தேடுகிற வீட்டில், கழுவுகிறவளும் அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பதில் தவறே இல்லை. அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்பதே உங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

இனி அவர்கள் கேட்கப் போகிற கேள்விகள். “முன்னாடி வீட்டை ஏன் விட்டீங்க?” என்று கட்டாயம் கேட்பார்கள். முந்தைய வீட்டைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். நாளைக்குத் தங்களையும் இப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொள்வார்கள். “நேரம் ஒத்துவரல”, “அவங்க வீடு மாறிட்டாங்க” என்று ஒரே வரியில், உண்மையானதைச் சொல்லுங்கள். அந்த வீட்டு அம்மா நல்லபடியாகப் பேசுவார் என்றால் அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போன் நம்பரைக் கொடுங்கள்.

“எங்க இருக்கீங்க?” என்பார்கள். கண்ணகி நகர் என்றதும் சிலருக்கு முகம் மாறும். அதற்காகத் துரைப்பாக்கம் என்று மாற்றிச் சொல்லாதீர்கள். ஆதாரில் விலாசம் இருக்கிறது, பொய் என்று தெரிந்தால் அதுவே சந்தேகத்துக்கு வழி. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகா நம்ம கண்ணகி நகர்ப் பெண். ஊர்ப் பெயரை நிமிர்ந்து சொல்லுங்கள்.

சாதியைச் சிலர் நேராகக் கேட்பார்கள். பலர் சுற்றி வளைப்பார்கள், சொந்த ஊர் எது, குலதெய்வம் எது, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று. இதற்கு ஒரு பதிலை இரவே பழகி வைத்துக்கொள்ளுங்கள்: “வேலையைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க மேடம், சொல்றேன்.” குரலை உயர்த்தாமல் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கேட்டால் அந்த வீடு வேண்டாம். ஒரு வீடு போனால் போகட்டும் என்று சொல்வது எனக்கு எளிது, அடுத்த மாதம் வட்டி கட்ட வேண்டிய உங்களுக்கு எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். முதல் நாளே உங்கள் பிறப்பை விசாரிக்கிற வீட்டில் அடுத்தது தனி டம்ளர், அதற்கு அடுத்தது ஒரு தோடு காணோம் என்றால் முதலில் உங்கள் பையைத் திறந்து காட்டச் சொல்வது. அந்த வலி சம்பளத்தில் ஆறாது.

இவ்வளவும் பேசின பிறகு தொகை. மாதச் சம்பளத்தை மணிக் கணக்கில் உடைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்குத் தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 39 மணி நேரம். 3,000 ரூபாய் கொடுத்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 77 ரூபாய். அதே 3,000-க்கு இரண்டேகால் மணி நேரம் பிடிக்கிறது என்றால் மணிக்கு 51 ரூபாய்தான் விழும். டிபன் பாக்ஸை எண்ணச் சொன்னது இதற்குத்தான். தமிழ்நாடு அரசு 2018-இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று தொடங்கிக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. யாராவது “கவர்ன்மென்ட் ரேட்டே இவ்வளவுதான்” என்றால், அது இதற்குக் கீழே போகக் கூடாது என்று போட்ட கோடு, இவ்வளவுதான் கொடுக்க வேண்டும் என்று சொன்ன கணக்கில்லை என்று சொல்லுங்கள். அதே பிளாக்கில் வேலை செய்கிற அக்காக்களிடம் என்ன வாங்குகிறார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாங்குவதற்குக் கீழே ஒத்துக்கொண்டால் அவர்கள் சம்பளத்துக்கும் வேட்டு வைக்கிறீர்கள்.

தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். நம் பெண்கள் செய்கிற ஒரு காரியம் எனக்கு மிகவும் வருத்தம் தரும். எண்ணைச் சொன்ன கையோடு வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் கொட்டத் தொடங்கிவிடுவார்கள், வீட்டுக்காரர் குடிப்பது, பெண்ணுக்கு ஃபீஸ், மாமியாருக்கு மருந்து என்று. நீங்கள் கேட்பது உழைப்புக்குக் கூலி. கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டால் அது உதவியாக மாறிவிடும், உதவி செய்கிறவர் நினைத்தபோது குறைத்துக்கொள்வார். “மூணு பேரு சாப்பாடு பாக்ஸ், ரெண்டு பாத்ரூம், தினம் துடைக்கணும், அதுக்கு இவ்வளவு ஆகும் மேடம்” என்று வேலையைக் காரணமாகச் சொல்லுங்கள். குறைக்கச் சொன்னால் வேலையையும் குறையுங்கள். “பாத்ரூம் வேணாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம்.”

லீவு, தீபாவளி போனஸ், சம்பளத் தேதி, வருடத்தில் எந்த மாதம் கூட்டித் தருவார்கள் என்பவற்றை ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அவர்கள் பதினைந்து நாள் ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? நீங்கள் வேறு வேலைக்குப் போகாமல் அந்த நேரத்தை அவர்களுக்காகவே வைத்திருக்கிறீர்கள், அதனால் உண்டு என்று பேசுங்கள். “ரெண்டு நாள் வந்து செஞ்சு காட்டு, பார்க்கலாம்” என்றால் செய்யலாம், அந்த இரண்டு நாளுக்கும் கூலி உண்டு என்ற பேச்சோடு.

பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்றால் அது வேறு வேலை. பாத்திரக் கணக்கில் அதைப் பேசாதீர்கள். படுக்கையில் இருப்பவரா, தூக்கி உட்கார வைக்க வேண்டுமா, டயாபர் மாற்ற வேண்டுமா, ராத்திரி தங்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தூக்க இன்னொரு ஆள் இருப்பாரா என்பதையும் கேட்டுத்தான் தொகை சொல்ல வேண்டும்.

உயிர் சம்பந்தமான இரண்டு விஷயத்தில் முதல் நாளே உறுதியாக இருங்கள். ஜன்னல் விளிம்பில் ஏறி நின்றோ, பால்கனிக் கம்பிக்கு வெளியே சாய்ந்தோ கண்ணாடி துடைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். எட்டாவது மாடியோ இரண்டாவது மாடியோ, பதில் ஒன்றுதான். உள்ளே நின்று கை எட்டுகிற வரை துடைக்கலாம். அடுத்தது பாத்ரூம். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கறை போகவில்லை என்று யார் சொன்னாலும் கலக்காதீர்கள். கையுறை வாங்கித் தருவீர்களா என்று கேளுங்கள், நூறு ரூபாய்ப் பொருள்தான் அது.

இப்படியெல்லாம் முன்கூட்டியே பேசினால் வாயாடி என்று நினைக்க மாட்டார்களா என்று ஒரு தங்கை போன மாதம் கேட்டாள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுத் தொழிலாளர்களுக்கென்று 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதன் 7-ஆவது பிரிவு சொல்வதும் இதையேதான்: என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், என்ன விடுப்பு என்பதெல்லாம் வேலை செய்பவருக்குப் புரியும்படி தெரிவிக்கப்பட வேண்டும், முடிந்தால் எழுத்தில். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. வீட்டுத் தொழிலாளர்களுக்குச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரட்டும், அதற்காகத்தான் நாங்கள் கொடி பிடிக்கிறோம். அது வரும் வரை அந்த 7-ஆவது பிரிவை நீங்களே அடுப்படியில் நின்று பேசி வாங்க வேண்டியிருக்கிறது.

கையில் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிடாதீர்கள். 2007-லிருந்து தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கும் திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் உதவி உண்டு, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் சேர்த்தி, வீடும் பணியிடம்தான். அப்படி ஏதாவது நடந்தால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம், 181-க்குப் போன் செய்யலாம். தயவுசெய்து யாரும் பள்ளிக்கூடம் போகிற பெண்ணை “லீவுதானே, கூட வரட்டும்” என்று வேலைக்கு அழைத்துப் போகாதீர்கள். 14 வயதுக்குள்ளான பிள்ளைகளை வீட்டு வேலையில் வைப்பதற்கு 2006-லிருந்தே தடை இருக்கிறது.

பேசி முடித்து வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி. எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லதுதான், முதல் நாளே காகிதத்தை நீட்டினால் பலர் மிரள்வார்கள். உங்களில் சிலருக்கு எழுதவும் கூச்சம். அதனால் அன்று இரவே அந்த மேடத்துக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். பேசியது அத்தனையும் அதில் இருக்க வேண்டும், உங்கள் குரலில், தேதியோடு அது போனில் நிற்கும். இந்த மாதிரி:

“மேடம், வணக்கம். இன்னைக்குக் காலையில வந்து பேசிட்டுப் போனேன்ல, நான்தான். திங்கக்கிழமையிலருந்து ஏழரைக்கு வந்துடுறேன், ஒன்பது மணிக்குக் கிளம்பிடுவேன். பாத்திரம், பெருக்கித் துடைக்கிறது, வாரத்துல ரெண்டு நாள் ரெண்டு பாத்ரூம். துணி இல்ல, காய் வெட்டுறது இல்ல. ஜன்னல் உள்பக்கம் மட்டும். மாசம் நாலு லீவு, அஞ்சாம் தேதி சம்பளம், நீங்க ஊருக்குப் போனாலும் சம்பளம் உண்டுன்னு சொன்னீங்க. தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸ். நான் சொன்னதுல ஏதாவது விட்டுப்போச்சுன்னா சொல்லுங்க மேடம். சரின்னா, சரின்னு ஒரு வார்த்தை அனுப்பிடுங்க.”

அன்புடன்,
உங்கள் சங்கத்து அக்கா